சோறு வைக்கப் பூட்டிய பெட்டி

லைசன்ஸுக்காகத் தாப்பா டவுன் வரைக்கும் இறங்கி நாய் படாத பாடு பட்டேன். இன்சூரன்ஸும் எடுத்து, பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தூக்குச்சட்டி வைக்க ஒரு தகரப் பெட்டியும் திருகாணி போட்டுப் பூட்டினேன்.

வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மோட்டாரில் வேலைக்குக் கிளம்பிய முதல் நாளே கேட்டில் போலீஸ்காரன் மறித்தான். நான் நீட்டிய லைசன்ஸை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து சோற்றை மண்ணில் கொட்டினான். பெட்டியையே கழற்றச் சொன்னான்.

"டவுன்ல வேலை துவான், மத்தியானம் பசிக்கும்லா" என்று பணிவாகத்தான் சொன்னேன். முறைத்தான்.

நான் குனிந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தோட்டத்துத் துரையின் கார் வந்தது. பின்சீட்டில் அவருடைய நாய் ரொட்டி தின்றுகொண்டிருந்தது. போலீஸ்காரன் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தான். அவன் அடித்த சல்யூட் அந்த நாய்க்கும் சேர்த்துத்தான்.