லைன்மேன் பெண்டாட்டி

பந்து நடுக்கோட்டைத் தாண்டிவிட்டால் செல்லாயி உட்கார்ந்த இடத்தில் இருக்கமாட்டாள். விரித்திருந்த சாக்கை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். முந்தானையை இடுப்பில் இறுகச் செருகி, வாயிலிருக்கும் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, எதிராளியின் கோல் கம்பத்தை நோக்கி நடக்கத் தொடங்குவாள். பந்து ஓடினால் அவளும் ஓட்டமும் நடையுமாகப் போவாள். கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றதும் வாய் திறக்கும்.

“டேய், பந்த வச்சிக்கிட்டுப் பூசையா போடுற? அடிலா!”

பந்து திரும்பி வந்தால் அவளும் திரும்புவாள். ஆனால் சொந்தக் கோலுக்குப் பக்கத்தில் போகமாட்டாள். அங்கே நின்றால் ராசியில்லை. பாதி வழியில் நின்று, முதுகைத் திடலுக்குக் காட்டிக்கொண்டு, ஆபத்து நீங்கிவிட்டதா என்று பக்கத்திலிருப்பவர்களைக் கேட்பாள்.

பத்து காஜா ஊரிலிருந்து போகிற சாலையில், ஏழாவது மைலில் இருக்கிற ஏழாங் கட்டைத் தோட்டம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அங்கே விடியற்காலையில் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பட்டையை வெட்டிப் பால் இறக்கி, நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வருகிற பெண்களில் செல்லாயியும் ஒருத்தி. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் காலை நீட்டிப் படுப்பார்கள். இவள் சாக்கை மடித்துக்கொண்டு பந்து விளையாட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஆட்டத்தின் சட்டங்கள் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. நம் ஆள் விழுந்தால் அது தள்ளிவிட்டது. எதிராளி விழுந்தால் அது நடிப்பு. விசில் எதிராக ஊதப்பட்டால் நடுவராக நிற்கும் ரெப்ரியைக் கேட்பாள்: “அண்ணே, கண்ண வீட்லயே கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா? அண்ணிய எடுத்தாரச் சொல்லவா?” ரெப்ரி மலாய்க்கார வாத்தியாராக இருந்தால் அதற்கும் பாஷை உண்டு. “சிக்கு, மாத்தா மானா?” என்று, வாத்தியாரே கண் எங்கே என்று கேட்பாள். அந்த மனிதரும் சிரித்துவிடுவார்.

இதில் வேடிக்கை, அவள் புருஷன் பத்துமலையே கோட்டோரம் கொடி பிடிக்கிற லைன்மேன். ஒரு காலத்தில் தோட்டத்துக் குழுவில் தடுப்பாளனாக ஆடியவன். முழங்கால் போனபிறகு ஈப்போவுக்குப் போய் ரெப்ரி வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வாங்கிவந்தான். அதிகம் பேசமாட்டான். அவன் கொடி பிடிக்கிற ஆட்டத்துக்கும் செல்லாயி போவாள், அவனையும் விடமாட்டாள். புருஷன் பேரைச் சொல்லக்கூடாதே, அதனால் “யோவ் லைன்மேனு!” என்றுதான் கூப்பிடுவாள். “லைன்மேனு, ராத்திரி சோறு வேணுமா வேணாமா?” கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். பத்துமலை கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டான். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே சைக்கிளில் வீடு திரும்புவார்கள்.

எழுபத்தாறில் ஏழாங் கட்டை முதல் தடவையாகத் தோட்டக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. பத்து காஜா திடலில் ஆட்டம். எதிர்க்குழு சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டம். செல்லாயியின் தம்பி சீனிதான் ஏழாங் கட்டைக்கு முன்னணி ஆட்டக்காரன். அன்றைக்கு அவனைப் பார்ப்பதற்கென்றே ஈப்போவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்கே ஓர் ஆபீசுக்குச் சொந்தக் குழு இருந்தது. பந்து நன்றாக ஆடுகிறவனுக்கு அந்த ஆபீசில் வேலையும் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனுக்கு அதைவிடப் பெரிய கதவு திறக்கப்போவதில்லை.

ஆட்டம் தொடங்க இருந்தபோது ஒரு லைன்மேன் வந்து சேரவில்லை. மோட்டார் சைக்கிள் வழியில் நின்றுவிட்டதாம். பேட்ஜ் வைத்திருப்பவர் யாரும் இருக்கிறார்களா என்று ரெப்ரி கேட்டார். கூட்டத்தில் இருந்த பத்துமலையைக் காட்டினார்கள். எதிர்க்குழுவின் கேப்டன், “அவரு நல்ல மனுசன், புடிக்கட்டும்” என்றான். ஏழாங் கட்டைக் குழுவை நடத்தியவர், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பிச்சைமுத்து. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “நம்மாளு கொடி புடிச்சா நமக்கு ஒரு ஆளு கூட இருக்கிற மாதிரிலா” என்று பெண்கள் பக்கம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு கோல் என்று நின்றது ஆட்டம். முடியப்போகிற நேரம். நடுவிலிருந்து ஒரு நீளமான பந்து வந்தது. சீனி அதை நெஞ்சில் வாங்கி, காலில் இறக்கி, அடித்தான். செல்லாயி நின்றிருந்தது கம்பத்துக்குப் பின்னால். வலை உப்பி அவள் முகத்துக்கு நேரே வந்தது. வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதித்தாள். தோட்டமே திடலுக்குள் இறங்கிவிட்டது. அப்புறம்தான் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டோரத்தில் கொடி உயர்ந்து நின்றது.

கூட்டம் திகைத்துப் போய் அடங்கிய அந்த ஒரு கணத்தில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது.

“அந்தக் கை அழுகிப் போவ!”

செல்லாயிக்குக் கொடி தெரிந்தது. கொடியைத் தூக்கிய கை தெரிந்தது. அந்தக் கைக்கு மேலே ஒரு முகம் இருப்பது தெரியவில்லை. எதிர்க்குழுவின் கோல்கீப்பர்கூடத் திரும்பி அவளை ஒருமாதிரி பார்த்தான். அப்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

ரெப்ரி பத்துமலையிடம் போனார். இருவரும் ஏதோ பேசினார்கள். பந்து கிளம்பியபோதே சீனி எதிர்க்குழுவின் கடைசித் தடுப்பாளனைத் தாண்டி நின்றிருந்தான், அது ஆப்சைடு என்று கோல் இல்லையென்று ஆனது. கூடுதல் நேரத்தில் எதிர்க்குழு ஒன்று போட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டது. ஈப்போக்காரர் யாரிடமும் சொல்லாமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

தோட்டத்து லோரியில் திரும்பினார்கள். வழியில் ஈயம் தோண்டிவிட்ட பழைய குளத்தருகே பத்துமலை தனியாகச் சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருந்தான். லோரி அவனைக் கடந்தபோது மேலேயிருந்து கூச்சல் போட்டார்கள். யாரோ ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். நிறுத்தச் சொல்லியிருந்தால் டிரைவர் நிறுத்தியிருப்பார். செல்லாயி குளத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் தட்டு தரையில் சத்தத்தோடு வந்து உட்கார்ந்தது.

“சீனி ஆப்சைடா?”

“ஆமா.”

“எம்புட்டு?”

“ஒரு எட்டு.”

“ஒரு எட்டுதான? பாக்காத மாதிரி இருந்திருந்தா வானமா இடிஞ்சிருக்கும்?”

“பாத்துட்டேன் செல்லாயி. பாத்தத எங்க கொண்டுபோயி வைக்கச் சொல்ற?”

அவன் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள், குழம்பு ஊற்றாமலே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்துமலைக்கு ஸ்டோரில் வேலை. உறைந்த பால்கட்டியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்து ரப்பர் ஷீட்டாக இழுக்க வேண்டும். உருளை சுற்றும்போது விரல் அதன் வாய்க்கருகே போய்ப் போய் மீளும். இத்தனை வருஷமாக அவள் அதைப் பார்த்ததே இல்லை. இப்போது பால் நிறுத்துக் கொடுத்ததும் வாளியைக்கூடக் கழுவாமல் ஸ்டோருக்குப் போனாள். “தீப்பெட்டி எங்க வச்சீங்க?” என்று கேட்டாள். அடுத்த நாள், “கோழி இந்தப் பக்கம் வந்துச்சா?” என்றாள். அதற்கடுத்த நாள் காரணம் எதுவும் கிடைக்காமல் வாசலில் சும்மா நின்றாள்.

“என்னா செல்லாயி, தெனமும் வந்துடுற?” என்று பத்துமலையோடு வேலை செய்தவர் கேட்டார்.

“ஏன், வரக்கூடாதா? ஒங்க மாமியா வீட்டு மெசினா இது?”

மரம் வெட்டும்போதும் கை ஒன்று செய்ய, மனம் இன்னொன்றில் இருந்தது. ஒரு நாள் பட்டையில் ஆழமாக வெட்டிவிட்டுப் பிச்சைமுத்துவிடம் ஏச்சு வாங்கினாள். கோயிலில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவள் பாதி வழியில், வேண்டியதைச் சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகத்தில் திரும்பிப் போய் இன்னொரு தடவை சொன்னாள்.

தோட்டமும் அவளைச் சும்மா விடவில்லை. பத்துமலை கடைக்கு வந்தால் பேச்சு நின்றுபோகும். பக்கத்து வீட்டு இருளாயி தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் கேட்டாள். “நீதான கம்பத்துக்குப் பின்னால நின்ன? சொல்லேன். தம்பி ஆப்சைடா, இல்லியா?”

ஆமாம் என்றால் தம்பிக்குத் துரோகம். இல்லையென்றால் புருஷன் பொய்யன்.

“நான் பந்தப் பாத்தேன்” என்றாள் செல்லாயி. அது நிஜமும்தான். பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சீனி ஒரு மாலை வந்தான். படியேறவில்லை. முற்றத்தில் நின்றபடியே, “அந்தக் கோலு நின்னிருந்தா நான் ஈப்போவுல சட்ட மடிப்புக் கலையாம வேலைக்குப் போயிருப்பேன்க்கா. மச்சான்கிட்ட சொல்லு” என்றான். மச்சான் உள்ளேதான் இருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். செல்லாயி கோப்பி கலக்கிக் கொண்டுவருவதற்குள் சீனி போய்விட்டான். அடுத்த வாரம் சிம்பாங் பூலாயில் ஒரு கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டாள்.

அந்த மாதக் கடைசியில் பத்துமலையின் வலது கட்டைவிரலில் ஒரு கம்பி கீறிவிட்டது. கீறல்தான். இரண்டு நாளில் சிவந்து லேசாக வீங்கியது. தோட்டத்து டிரஸர் மருந்து போட்டுக் கட்டியது செல்லாயிக்குப் போதவில்லை. வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, “ஒண்ணுமில்லடி” என்றவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி பத்து காஜா ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கட்டைப் பிரித்த நர்ஸ் மிஸ்ஸியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அழுகுமா மிஸ்ஸி?”

“இதுக்கா? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆறிடும். நீங்க ஏன் அழுவுறீங்க?”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவன். பக்கத்தில் இவள். பஸ் ஊரைத் தாண்டியபிறகு செல்லாயி மெல்ல வாயெடுத்தாள்.

“அன்னிக்கு நான் கத்துனது...”

“கேட்டுச்சு.”

அவன் கேட்டிருக்கமாட்டான் என்றே இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

“நீ எப்பவும் கத்துறதுதான” என்றான் பத்துமலை.

“இது அது மாதிரி இல்லீங்க.”

வெளியே கித்தா மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஜன்னல் பக்கமே பார்த்தபடி, “அன்னிக்குச் சீனி அடிச்ச அடி நல்ல அடி” என்றான். “நான் ஆடுன காலத்துல அப்பிடி ஒருத்தன் எங்க பக்கம் இருந்ததில்ல.”

விரல் ஆறிவிட்டது. தோட்டத்தின் மனம் ஆறவில்லை. அடுத்த வருஷம் பொங்கலை ஒட்டி ஏழாங் கட்டைத் திடலிலேயே ஓர் ஆட்டம் வைத்தார்கள். ரெப்ரிகள் சங்கத்திலிருந்து லைன்மேனாகப் பத்துமலையையே போட்டு அனுப்பியிருந்தார்கள். “வேற ஆளே கெடைக்கலியா?” என்று பிச்சைமுத்து எல்லாரும் கேட்கச் சொன்னார். சீனி சிம்பாங் பூலாயிலிருந்து ஆட வந்திருந்தான். அக்காளைப் பார்த்துத் தலையசைத்தான். மச்சான் பக்கம் திரும்பவில்லை.

பத்துமலை நின்ற கோட்டோரம் வெறிச்சென்று கிடந்தது. வழக்கமாகக் கோட்டை மிதிக்கிற அளவுக்கு நெருக்கியடிக்கும் சனம் அன்றைக்கு எதிர்ப்பக்கமே கூடியது. அவன் கொடி தூக்கும்போதெல்லாம் அங்கிருந்து ஒரு நீண்ட ஊளை எழுந்தது. அவர்களுக்குச் சாதகமாகத் தூக்கியபோதும் ஊளைதான்.

செல்லாயி முதல் பாதி முழுக்கச் சாக்கை விட்டு எழவில்லை. வாயும் திறக்கவில்லை. எழுந்திருக்க முயன்ற காலை அடக்குவதுபோல் முழங்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். “என்னா அக்கா, ஒடம்பு சரியில்லியா?” என்று பக்கத்திலிருந்தவர்கள் கேட்டார்கள்.

இடைவேளை வந்தது. ஆட்டக்காரர்கள் புல்லில் சாய்ந்தார்கள். ஒரு தட்டில் ஆரஞ்சுத் துண்டுகளும், பெரிய கெண்டியில் தேத்தண்ணீரும் சுற்றிவந்தன. ரெப்ரிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பக்க லைன்மேனுக்குக் கொடுத்தார்கள். தட்டு அங்கிருந்து அப்படியே திரும்பிவிட்டது. எதிர்க் கோட்டோரத்தில் பத்துமலை, வெயிலில், கொடியோடு நின்றிருந்தான்.

செல்லாயி எழுந்தாள். தேத்தண்ணீர்க் கெண்டி இருந்த இடத்துக்குப் போய், யாரையும் கேட்காமல் ஒரு மங்கு நிறைய ஊற்றினாள். பிச்சைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திடலைச் சுற்றிக்கொண்டு போவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவள் கோட்டைத் தாண்டித் திடலுக்குள் இறங்கினாள். படுத்திருந்த ஆட்டக்காரர்களுக்கு நடுவே, சீனியின் காலைத் தாண்டி, நடு வட்டத்தின் குறுக்கே, சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணீர் தளும்பிக் கையில் சுட நேராக நடந்தாள். ஊளை எழும்பவில்லை.

மங்கை நீட்டினாள். விளிம்பு வரை தளும்பும் அதை இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. பத்துமலை கொடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கப் போனான். செல்லாயி அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அவன் ஊதி ஊதி நிதானமாகக் குடித்தான். தோட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் குடித்து முடிக்கிறவரை செல்லாயி அந்தக் கொடியைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றாள்.