நாலு சிலிண்டர், இரண்டு சீட்

பிளசன்டனில் எங்கள் வீட்டு கராஜுக்குள் உருப்படியான கார் ஒன்று நின்று நான் பார்த்ததில்லை. அம்மாவின் கார் டிரைவ்வேயில் வெயில் காய்ந்தது. அப்பாவின் கார் தெருவில் நின்றது. கராஜ் முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு ரோட்ஸ்டர். என்றைக்காவது அது ஓடும் என்று உலகத்தில் இரண்டே பேர்தான் நம்பினோம், அப்பாவும் நானும்.

லிவர்மோருக்கு அப்பால் மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றில் வைக்கோலுக்கு நடுவே கிடந்ததை அப்பா ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முப்பதுகளில் ஓடிய வண்டி. கூரை கிடையாது, உட்கார இரண்டே இடம், நாலு சிலிண்டர் இன்ஜின், மற்றபடி துரு. கழன்று தரையில் கிடந்த கதவை அம்மா செருப்பு நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"பேரீச்சம்பழக்காரன்கூட இதை எடுத்துக்க மாட்டான்," என்றாள்.

அப்பா அசரவில்லை. மட்கார்டு, பானெட் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, இன்ஜினை வெளியே தெரியவிட்டு, வண்டியை இளைக்க வைத்து வேகமாக ஓட்டுவதற்குப் பெயர்தான் ஹாட் ராட் என்று சாப்பாட்டு மேஜையில் வகுப்பெடுத்தார். அதற்கென்ன, பெரிய இன்ஜினாக மாற்றிவிடலாமே என்று கேட்டார் மாமா. மாமா, அம்மாவின் தம்பி. குபெர்டினோவில் வேலை கிடைத்ததும், வீடு கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி எங்கள் மாடி அறைக்கு வந்தவர். வருஷக்கணக்காக அவருக்கு வீடு கிடைக்கவேயில்லை. "நாலு சிலிண்டரோட பொறந்தது, நாலு சிலிண்டரோடயே ஓடட்டும்டா," என்று அப்பா அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் முப்பது என்பார் மாமா. சனிக்கிழமை வந்தால் சாக்கருக்குக் கால்வலி என்று மட்டம் போட்டுவிட்டு கராஜில் இருப்பேன். நட்டு போல்ட்டுகளை அளவு பார்த்து இட்லித் தட்டின் குழிகளில் பிரித்து வைக்கும் அருமையான முறையைக் கண்டுபிடித்தவள் நான்தான். அம்மா இட்லித் தட்டைத் தேடிக்கொண்டு வந்த அன்று என்ன நடந்தது என்பதை விட்டுவிடுகிறேன். கை கறுக்கக் கறுக்கத் துரு தேய்த்ததும் நான், கார்புரேட்டரைக் கழுவியதும் நான். ஆகவே கூலியையும் நானே பேசி வைத்திருந்தேன்.

"அப்பா, ஃபர்ஸ்ட் ரைட் இஸ் மைன், ஓகே?"

"வேற யாருக்குடி?" என்பார் வண்டிக்கு அடியில் இருந்து.

அம்மா கராஜ் பக்கம் வரமாட்டாள். ஒருநாள் ஃபோனில் தன் தோழியிடம் அவள் சொன்னதைக் கேட்டேன். "கல்யாணமான புதுசுல ஸ்கூட்டர்ல பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனார்ப்பா. அதோட சரி. இப்போ நாங்க ஜோடியா போற ஒரே இடம் டென்டிஸ்ட்தான்." கேட்டதை உடனே போய் அப்பாவிடம் ஒப்பித்தேன். ஒற்று வேலையில் நான் கெட்டிக்காரி. வண்டிக்கடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு, "அந்த அரை இன்ச் ஸ்பேனரை எடும்மா," என்று குரல் வந்தது.

அதற்குப் பின் சில வாரங்கள் கழித்துதான் அப்பா சீட் தைக்க உட்கார்ந்தார். அரக்குக் கலர் ரெக்ஸினை மடியில் போட்டுக்கொண்டு அவர் ஊசியோடு பட்ட பாட்டைச் சமையலறை வாசலில் இருந்து பார்த்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்க. நீங்க தைச்சா சீட்டா வரும், சாக்கு மூட்டைதான் வரும்," என்று பிடுங்கிக்கொண்டாள். அவளே மெஷினில் தைத்தாள், அவளே பஞ்சு அடைத்தாள், அவளே ஏறி உட்கார்ந்து, இறங்கி, இன்னும் கொஞ்சம் அடைத்தாள். முடிந்ததும், ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் இருந்த என் சீட்டில் ஏறிப் பார்த்தேன். கால் தரையைத் தொடவில்லை. கண்ணுக்கு நேரே டேஷ்போர்டுதான் இருந்தது, ரோடு தெரியாது.

"அம்மா, இட்ஸ் ராங்!"

"கையை எடு, ஊசி குத்தும்," என்றாள்.

அம்மாவுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்து, பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஒருவழியாக இன்ஜின் உறுமியது. தெருவே எட்டிப் பார்த்தது. நான் கராஜுக்குள் குதியோ குதி என்று குதித்தேன். ஆனால் பூஜை போடாத வண்டியில் யாரும் ஏறக்கூடாது என்று அம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அதனால், வந்த மாதிரியே ட்ரெய்லரில் ஏறி எங்கள் ரோட்ஸ்டர் லிவர்மோர் கோவிலுக்குப் போனது.

பார்க்கிங்கில் பளபளவென்று புது வண்டிகள் பூஜைக்குக் காத்திருந்தன. குருக்கள் எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சந்தனம் வைக்க பானெட்டைத் தேடினார். அது இல்லை என்றதும், முன்னால் நின்ற ரேடியேட்டருக்கு வைத்தார்.

"மூடி இன்னும் வரலையா?" என்று கேட்டார் பாவம்.

மாலை மாமாவின் பொறுப்பு. ஃப்ரீமான்ட்டில் பூக்கட்டும் ஆன்ட்டியிடம் சின்ன மாலையெல்லாம் தீர்ந்துவிட்டதாம், கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுகிற சைஸில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். எல்லார் வீட்டு காருக்கும் போடுகிற மாதிரி அதை எங்கள் வண்டிக்கும் முன்னால் போட்டார். மற்ற கார்களுக்கு மூடி உண்டு, எங்கள் வண்டிக்குக் கிடையாது என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாலையில் பாதி ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கியது. மீதிப் பாதி பின்னால், இன்ஜின் ஃபேனுக்கு மேல் தொங்கியது.

தேங்காய் உடைந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. "ஸ்டார்ட் பண்ணி மெதுவா முன்னாடி வாங்கோ," என்றார் குருக்கள். அப்பா ஸ்டார்ட் பண்ணினார்.

அடேயப்பா! ஃபேன் அந்த மாலையை ஒரே வாயில் விழுங்கி, எங்கள் எல்லார் மேலும் துப்பியது. சாமந்தியும் ரோஜாவும் சுழன்று சுழன்று எழும்பி, பக்கத்து வண்டிகள் மேல், வரிசையில் நின்ற மாமிகள் மேல், குருக்களின் குடுமி மேல் என்று பாகுபாடே இல்லாமல் கொட்டின. அப்பா பதறிப்போய் இன்ஜினை அணைத்தார். குருக்கள் நெற்றியில் ஒட்டிய இதழை எடுத்துப் பார்த்தார்.

"பேஷ்! புஷ்பமாரியே பொழிஞ்சுடுத்து! இதைவிட நல்ல சகுனம் ஏது?"

கூட்டம் கைதட்டியது. எல்லோரையும்விட அம்மாதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. அப்பாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இன்ஜினைப் பார்க்கவில்லை.

மாலை நார் ஃபேனில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் என் டூல்பாக்ஸைத் திறப்பதற்குள் அம்மா பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, குனிந்து, ஒவ்வொரு நாராக நெம்பி எடுத்துவிட்டாள். முந்தானையெல்லாம் கிரீஸ். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "ம், இப்போ ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள். சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டியவள், கதவைத் திறந்து ஏறி, என் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டையும் போட்டுக்கொண்டாள்.

"தட்ஸ் மை சீட்!" என்று கோவில் அதிர அலறினேன்.

"ஒரே ரவுண்டுடி. அஞ்சு நிமிஷத்துல வந்துடறோம்," என்றார் அப்பா. என் முகத்தைப் பார்க்கவில்லை, துரோகி. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி மீதிப் பூவை உதிர்த்துக்கொண்டே கேட்டைத் தாண்டி, திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பக்கமாகத் திரும்பியது.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. மாமா வாங்கித் தந்த புளியோதரை ஒரு தொன்னை தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. எனக்குக் கோபம் போய் பயம் வந்தது, அழுகையும் வந்தது. மாமா மட்டும் ஃபோனைக்கூட எடுக்காமல் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தார்கள். அம்மாவின் பின்னல் அவிழ்ந்து காற்றில் பறந்திருந்தது. மூக்கு சிவந்திருந்தது. நான் ஓடிப் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"வாட் ஹேப்பண்ட்?"

"கார்புரேட்டர் மக்கர் பண்ணிடுச்சு," என்றார் அப்பா.

"டயர்ல காத்து போயிடுச்சு," என்றாள் அம்மா, அதே நேரத்தில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்குப் புரை ஏறியது. நான் யாரையும் நம்பாமல், ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நேரே வண்டியிடம் போனேன். நாலு டயரும் கல் மாதிரி இருந்தன. கார்புரேட்டரில் ஒரு குறையும் இல்லை. இரண்டு ரிப்பேரையும் நடுவழியில் இவ்வளவு சுத்தமாகச் சரிசெய்திருக்கிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அப்பா சரி, அம்மாவுமா!

சாயங்காலம் என் முறை வந்தது. எங்கள் தெருவில் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு ரவுண்டு ரவுண்டாக ஓட்டினார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஒளிந்துகொண்டது. ஆனால் கால் அந்தரத்தில் ஆடியது, எக்கி எக்கிப் பார்த்தும் வானம்தான் தெரிந்தது. இறங்கியதும் தொழில் பேச்சுக்கு வந்தேன். அம்மா சீட்டைத் தப்பாகத் தைத்திருக்கிறாள், நாளைக்கே பிரித்து வேறு அளவில் தைக்க வேண்டும் என்றேன்.

"இருக்கட்டும்டி," என்றார் அப்பா, சீட்டில் ஒட்டியிருந்த ஒரு ரோஜா இதழைத் தட்டிவிடாமல். "அளவு சரியாத்தான் இருக்கு."

ஒவ்வொரு போல்ட்டின் அளவையும் கண்ணாலேயே சொல்கிற மனிதருக்கு ஒரு சீட்டின் அளவு தெரியவில்லையே என்று அன்றைக்கு எனக்கு அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது.