எரிநட்சத்திரத்தைப் படமெடுத்த பில்கிஸ்

ஆம்பூரில் அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண்களைப் படமெடுக்க பில்கிஸை விட்டால் வேறு ஆள் கிடையாது. ஆண்களைக் கணவர் ஹபீப் தங்கள் போட்டோக் கடையிலேயே எடுத்துவிடுவார். வீட்டுப் பெண்களைத் தேடி பில்கிஸ்தான் காமிராவோடு போவாள்.

1931இல் பேரணாம்பட்டில் ஒரு நிக்காஹ்; மணப்பெண்ணைப் படமெடுக்க அழைத்திருந்தார்கள். இருட்டு பிரியுமுன்பே இருவரும் ஜட்கா வண்டியில் கிளம்பினார்கள். பாலாற்று மணலைக் கடக்கையில் வானம் பளீரென்றது. ஓர் எரிநட்சத்திரம் மலைக்கு மேலே ஓடி வெடித்து அணைந்தது. அது போன வழி மட்டும் அணையாமல், வெளிச்சக் கோடாக நின்றது.

பில்கிஸ் குதித்திறங்கி மணலில் முக்காலியை ஊன்றினாள். படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டுகளில் ஒன்றோடு நிறுத்தத்தான் நினைத்தாள். ஆனால் உயரத்தில் ஏதோ காற்று இழுத்ததுபோல் கோடு வளைந்தது, நெளிந்தது. ஹபீப் கடிகாரம் பார்த்து நேரம் சொல்லச் சொல்ல, கல்யாணத்துக்கென்று கொண்டுவந்த ஆறு பிளேட்டில் நான்கு தீர்ந்துவிட்டன.

“போதும் பில்கிஸ்! கல்யாண வூட்ல இன்னா சொல்லுவே?”

கல்யாண வீட்டில் பில்கிஸ் உள்ளதைச் சொன்னாள். மணப்பெண்ணின் தாய் ஹலீமா பீ கொதித்துப்போனார்.

“பொண்ணைப் படம் புடிக்கக் கூப்ட்டா, ஆகாசத்தைப் புடிச்சிக்கினு வந்திருக்கியே!”

அவமானத்தில் பில்கிஸின் முகம் சிவந்தது. மறுவாரம் புதுப் பிளேட்டுகளோடு போய் நின்றாள். மணப்பெண் மறுபடியும் ஜரிகைத் துப்பட்டா போட்டு உட்கார்ந்தாள். ஹலீமா பீயோ, பில்கிஸ் கூடவே கொண்டுவந்த வானத்துப் படங்களைக் கீழே வைக்கவே இல்லை.

“நேரா இருந்தது எப்டிம்மா இப்டி கோணிக்கிச்சி?”

அதே கேள்வியை எழுதி, படங்களை ஒரு வானாய்வு நிலையத்துக்கு அனுப்பினாள் பில்கிஸ். உயரத்துக் காற்றின் வேகத்தை அவற்றில் அளக்கலாம் என்று பதில் வந்தது. அடுத்த முறை லென்சுக்கு முன்னால், ஒளியைப் பல கோடுகளாகப் பிரிக்கும் முப்பட்டைக் கண்ணாடி வைத்தால், எரிந்த பொருள் என்னவென்றும் தெரியுமாம்.

ஹபீப் மெட்ராஸிலிருந்து அந்தக் கண்ணாடியை வாங்கி வந்தார். வைகறைதோறும் மாடியில் காமிராவைத் திறந்து வைத்தாள் பில்கிஸ். பதினோரு மாதம் ஒன்றும் விழவில்லை. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். பிறகு ஒருநாள், கழுவிய பிளேட்டில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக வரிசையாகக் கறுப்புக் கோடுகள்.

அவள் அனுப்பிய நகலைப் பார்த்து வானாய்வு நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. எரிந்ததில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் இருந்தனவாம்.

“சுண்ணாம்பா? நம்மூரு மண்டில தோல் ஊறப்போடுற தொட்டில இல்லாததா!” என்று சிரித்தார் ஹபீப்.

மூலப் பிளேட்டையும் கேட்டிருந்தார்கள். பில்கிஸ் அதைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் கட்டினாள். “கடைப் பேரை எழுதட்டுமா?” என்றார் ஹபீப்.

“வேணாம். நானே எழுதுறேன்” என்று சொல்லி, பெட்டியின் மேலே, படமெடுத்தவர் என்று தன் பெயரை எழுதினாள்.