வரிசையில் நின்ற எஞ்சின்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு ஐஸ் பெட்டியும் ஓட்டைச் சைக்கிளுமாக ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் இறால் விற்கத் தொடங்கி, இன்று ஏரிக்கரையில் மாடி வீடு கட்டியிருக்கிறேன். காலேஜ் படித்தவர்கள் அந்த மாடி நிழலில் நின்றுதான் பஸ் ஏறுகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், வேறு எதற்கு?

இப்படிப்பட்ட குடும்பத்தில்தான் என் மனைவியின் தம்பி கிரிப்டோ வாங்கினான். படகுக்குப் புது எஞ்சின் வாங்க வைத்திருந்த பணம் முழுவதையும் போட்டான். கையால் தொட முடியாத காசு, ஆனால் போனில் மட்டும் பால் பொங்குவதுபோல் ஏறிக்கொண்டே இருந்தது. டீக்கடையில் பழக்கமான ஒரு பையன் சேர்த்துவிட்டானாம். ஷூ போட்டிருந்தானாம். அதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

"நண்டு வாங்கினாகூட வயித்த அமுக்கிப் பாத்து வாங்குவியே, இதுல எத்தடா அமுக்கிப் பாத்த?"

"ஓகேன்னு போட்டிருந்திச்சு மாமா, அத்த அமுக்கினேன்."

மழை முடிந்து இறால் காலம் வந்தது. பழைய எஞ்சின் இருமி இருமி உயிரை விட்டது. பணத்தை எடுக்கப் பார்த்தான். 'உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது, காத்திருக்கவும்' என்று வந்தது.

வேறு ஊர்க்காரன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். இவனுக்கோ நிம்மதி. எங்கள் ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறோம். பாடு என்போம். அடுத்தவன் பாட்டில் வலை இறக்குகிறவனை ஊரில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஷூக்காரன் கம்பெனியிலும் அதே ஒழுங்குதான் என்று இவன் முடிவு கட்டிவிட்டான்.

"வரிசைல கீறேன் மாமா. மொற வந்தா தானா வரும்."

பணத்துக்கு முன்னால் அவனுடைய பாடு நெருங்கியது. அவனுக்கு விழுந்திருந்த இடம் தூரம். எஞ்சின் இல்லாமல் கழி ஊன்றிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். அந்தச் சீசனின் வருமானமே அந்தப் பாட்டில்தான். இனி நான் இறங்கினால்தான் ஆகும் என்று ஷூக்காரனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"கோல்டு மெம்பர் ஆயிட்டா வரிசைல முன்னாடி போயிடலாம் சார். கட்டணம் மட்டும் கட்டணும்" என்றான். அவன் சொன்ன தொகைக்கு ஒரு பழைய எஞ்சினே வாங்கலாம். ஆனால் நான் காசை விட்டெறிந்து காரியம் முடித்தே வளர்ந்தவன். "நான் கட்றேன்" என்றேன்.

மச்சான் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"இன்னா மாமா, எனுக்கு முன்னாடி நிக்கிறவன் வயித்துல அடிக்கச் சொல்றியா?"

"எவன்டா நிக்கிறான்? மூஞ்சியப் பாத்தியா?"

"பாக்கல. அதுக்குன்னு அவன் மொறைய எடுத்துக்கலாமா?" என்றவன், போனில் கேட்டான்: "தம்பி, எனுக்கு முன்னாடி யாரு கீறாரு? பேரு ஊரு சொல்லு. நானே போயி கேக்கறேன், மாத்திக் குடுத்தா வாங்கிக்கறேன்." பாட்டை மாற்றிக்கொள்ள எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்போம்.

"அதெல்லாம் சிஸ்டம் சார்."

"சிஸ்டத்துக்கு எந்த ஊரு?"

லைன் கட்டானது. அதற்குப் பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்கவில்லை, போட்ட பணமும் வரவில்லை. மச்சான் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தான். "ஒரு பேரு கூட சொல்லத் தெரிலியே மாமா" என்றான். அவனுக்கு அப்போதுதான் கண்கலங்கியது.

புதிதாக இதில் இறங்கப்போகும் மகாராஜாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். நிஜமான கிரிப்டோவே விடிவதற்குள் பாதி விலையாகிவிடும் என்கிறார்கள். அந்தப் பாதியாவது கைக்கு வருமா என்று, போட்ட மறுநாளே கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். எடுக்கவே பணம் கட்டச் சொன்னால், ஷூவைப் பார்த்து மயங்காதீர்கள்.

கோல்டு மெம்பர் ஆக வைத்திருந்த பணத்தில் அவனுக்கு ஒரு பழைய எஞ்சின் வாங்கிக் கொடுத்தேன். பாட்டு நாளன்று இருட்டோடு கிளம்பிப் போனான், கூடை நிறைய இறாலோடு வந்தான். என் பணத்தைக் காப்பாற்றியது அவன்தான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். காப்பாற்றுவதற்கு முதலில் பணம் வைத்திருந்தது யார்?