திருவண்ணாமலையில் டச்சு ஆட்டத்துக்குக் கிடைத்த சாட்சி

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் டச்சு விளையாட்டின் வரலாறு பேசுவதா என்று எங்கள் வேலூர் வாசகர் வட்டம் என் உரையைத் தள்ளிவைத்தது. தடுத்தவர் சம்பந்தம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். கூரைக்குள் கோலால் பந்தடிக்கும் கொல்ஃப் என்ற ஆட்டமே என் கற்பனை என்றார். ரமணாசிரமம் பக்கம் விடுதி நடத்தும் என் மருமகன், அதை ஆடும் டச்சுப் பெண்மணி அங்கே தங்கியிருப்பதாகச் சொன்னார். போன ஜனவரியில் சம்பந்தத்தையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பேருந்தில் சுமார் எண்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். "பந்தாட்டத்த எவன்யா கூரைக்குள்ள ஆடுவான்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். செங்கம் சாலைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூறுக்கு இறங்கினார். படங்களைப் பார்த்து நானே செய்த பித்தளைத் தலைக் கோல் என் கையில் இருந்தது.

"யார அடிக்கப் போறீங்க பெரியவரே?"

"இவரத்தான்" என்று சம்பந்தத்தைக் காட்டினேன்.

விடுதியில் அந்த டச்சுப் பெண்மணி, அன்னெகே அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். அவர் பேசும் ஆங்கிலம் என் காதுக்குப் பிடிபடவில்லை. மொழிபெயர்க்க வேண்டியவர் சம்பந்தமேதான்.

"அப்படியே சொல்லுய்யா. கம்மி பண்ணாத."

சொன்னார். ஒரு காலத்தில் தெருவிலும் உறைந்த நீர்நிலைகள் மேலும் ஆடியிருக்கிறார்கள். ஜன்னல்கள் உடைந்ததால் ஊர்கள் தடை போட்டன. பிறகு ஆட்டம் சுருங்கி, மதுக்கடைகளை ஒட்டிய களங்களுக்கு வந்தது. இரு முனையிலும் ஒவ்வொரு கம்பம்; பந்து கம்பத்தில் பட்டுப் போய் எங்கே நிற்கிறதோ, அதற்குத்தான் புள்ளி. அங்கே சம்பந்தம் நின்றுவிட்டார்.

"என்ன நின்னுட்ட?"

"கடைக்குப் பின்னால ஹால்ல ஆடுறாங்களாம். அவங்க அப்பாவும் அங்கதான் ஆடினாராம்."

"கூரை இருக்குதான்னு கேளு."

"இருக்குன்னுதான் சொல்றாங்க. உனக்குக் கொழுப்பு ஜாஸ்திய்யா."

மாடியில் இரண்டு தூண்கள் இருந்தன. சம்பந்தம் ஹாக்கி போல ஓங்கி அடித்தார். ரப்பர் பந்து தூணில் மோதி அவர் முழங்காலுக்கே திரும்பியது. அந்த அம்மா நிதானமாகத் தள்ளினார். பந்து தூணை உரசிச் சென்று சுவரோரம் அடங்கியது. கோலைக் கையில் நிறுத்துப் பார்த்து ஏதோ சொன்னார்.

"எடை கொஞ்சம் கம்மியாம். மத்தபடி இதுதான் அந்தக் கோலாம்" என்று சம்பந்தம் முணுமுணுத்தார். உரக்க இன்னொரு முறை சொல்லவைத்தேன்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள், அறை கிடைக்காது, ஆட்டோ நகராது. காலையில் தியானத்தில் இருப்பவர்களின் கதவைத் தட்டாதீர்கள். உங்களை நம்பாதவர் யாராவது இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள். திரும்பி வந்து சொல்லி நம்பவைக்க முடியாது. புத்தகத்தை அகராதியோடு வைத்து, எழுத்தெழுத்தாகப் படித்து என்னைப் போல் தெரிந்துகொண்டதும் அறிவுதான். இதில் நான் இறங்கி வருவதாக இல்லை.

திரும்பும் பேருந்தில் போளூர் தாண்டும்வரை சம்பந்தம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை நீ பேசு. நான் அறிமுகம் பண்றேன்" என்றார்.

"அறிமுகம் வேணாம். முன்வரிசையில உக்காரு, போதும்."