ரத்தத்தில் இல்லாத ஒன்று

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பதினெட்டு வருஷம் நின்றவள் நான். ஒரு பீஸில் குறை இருந்தால், அது எங்கே எப்படி விழுந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். நீளவாக்கில் கோடு ஓடினால் பின்னும் மிஷினில் ஒரு ஊசி உடைந்திருக்கிறது. தையல் ஓரத்தில் பொடி ஓட்டை தெரிந்தால் தையல் ஊசி மழுங்கியிருக்கிறது. எந்தக் குறையும் தானாக வராது. சூப்பர்வைசர் பீஸை என் கையில் கொடுத்துவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த மேசையில் ஒரு வேலையை மட்டும் நான் செய்ய மாட்டேன். பிசிறு நூல் வெட்ட மாட்டேன். மற்ற பெண்கள் சின்னக் கத்தரியை விரலில் மாட்டியபடியேதான் நாள் முழுக்க நிற்பார்கள். நான் கத்தரியைத் தொடுவதில்லை. நூல் தொங்கினால் விரலில் சுற்றி அறுப்பேன், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவேன். தெக்கத்திப் பெண் ஒருத்தி, இந்த அம்மாவைக் கத்தரி கடித்து வைத்துவிடும் என்று கேலி பேசுவாள். சிரித்துக்கொள்வேன். காரணத்தை யாருக்கும் சொன்னதில்லை.

என் மூத்த பையனுக்கு ஒரு வயசு ஆகும் முன்னே கோடையில் தலையெல்லாம் சிரங்கு வந்தது. முதல் முடி குலதெய்வத்துக்குத்தான் இறக்க வேண்டும். கோயிலுக்குப் போகக் கையில் வசதியும் இல்லை, பிள்ளை சீழ் பிடித்துக் கத்துகிறான். ஒரு மத்தியானம் வீட்டிலேயே உட்காரவைத்து நானே கத்தரியால் வெட்டிவிட்டேன். சிரங்கு ஆறிவிட்டது.

அதற்கப்புறம் எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒன்று மஞ்சளாகப் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. ஒன்று வீங்கிப் பிறந்தது, உயிர் இல்லை. கடைசி ஒன்றை எனக்குக் காட்டவே இல்லை. என் மாமியார் நல்ல மனுஷிதான். கோயில் பூசாரி சொன்னதை வந்து என்னிடம் சொன்னார், அவ்வளவுதான். சாமிக்கு உரியதை நீ எடுத்துவிட்டாய், சாமி உன்னுடையதை எடுத்துக்கொண்டது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்றிலிருந்து கத்தரியைத் தொட்டதில்லை. வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவிநாசிபாளையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் கோயிலுக்கு நடந்தே போய் மூன்று தேங்காய் உடைத்துவிட்டு வருவேன். முப்பது வருஷத்தில் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் மங்கலத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். முதல் பிரசவம் முறைப்படி அவள் அம்மா வீட்டில், தாராபுரம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நடந்தது. பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இந்தத் தடவை திருப்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அந்தம்மா ரத்த அட்டையைப் பார்த்தார். அதில் இங்கிலீஷில் இருந்த ஒரு சொல்லின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார். ரத்தம் நெகட்டிவ் என்றார். முதல் பிரசவம் ஆன மூன்று நாளுக்குள் ஒரு ஊசி போட்டிருக்க வேண்டுமே, போட்டார்களா என்று கேட்டார்.

எங்களுக்கு என்ன தெரியும். சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டோம். என்னமோ இரண்டு ஊசி போட்டார்கள், எதற்கென்று யார் கேட்டது என்றார். அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டு அந்த டாக்டர் எங்கோ போய்விட்டாராம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். பெரும்பாலானவர்கள் ரத்தத்தில் இருக்கிற ஒரு சத்து இவள் ரத்தத்தில் இல்லை. முதல் பிள்ளை அப்பாவிடமிருந்து அதைக் கொண்டுவந்தால் பிரசவத்தின்போது அது தாயின் ரத்தத்தில் கலந்துவிடும். தாயின் ரத்தம் அதை அந்நியம் என்று நினைத்துப் பகை வளர்க்கும். முதல் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிற பிள்ளைகளைத்தான் அந்தப் பகை தாக்கும்.

நான் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை, தானாக வந்துவிட்டது.

"ஏனுங்க டாக்டர், அப்படித் தாக்குனா கொழந்தை மஞ்சளாப் பொறக்குமுங்களா?"

"ஆமாங்கம்மா."

"வீங்கி?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒன்று என்றேன். பிறந்தது எத்தனை என்று கேட்டார். நாலு என்றேன்.

அன்றைக்கே என் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்தார்கள். என் அட்டையிலும் அதே சொல்தான் வந்தது. எட்டு எழுத்து. பீஸில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து எனக்கு இங்கிலீஷ் எழுத்து கொஞ்சம் அடையாளம் தெரியும். அந்த எட்டையும் மனசில் பதித்துக்கொண்டேன்.

என் பையன் சந்தோஷப்பட்டான். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று ஆகிவிட்டதே அம்மா, இனிமேல் நிம்மதியாக இருங்கள் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சாமி கோபித்துக்கொண்டது என்றால் சாமிக்கு என்னைத் தெரியும் என்று அர்த்தம். ரத்தத்துக்கு யாரைத் தெரியும்? குத்தம் என் பேரில் இருந்தவரை அந்த மூன்று பேரும் என் பேரில் இருந்தார்கள். அவர்களுக்காக நடந்தேன், கத்தரியைத் தொடாமல் இருந்தேன். இப்போது அந்தக் குத்தத்தை ஒரு சொட்டு ரத்தத்தில் துடைத்துவிட்டார்கள். அப்படியானால் என் பிள்ளைகள் எதற்காகச் செத்தார்கள்? ஒன்றுக்காகவும் இல்லையா? மறுநாள் கம்பெனியில் யாரும் பார்க்காதபோது ஒரு கத்தரியை எடுத்துப் பார்த்தேன். விரல் உள்ளே போகவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய பயம் வேறு இருந்தது. குத்தமாக இருந்தால் மருமகள் பிள்ளைக்காக நான் இன்னும் பத்து வருஷம் நடந்திருப்பேன். கும்பிட்டுக் கேட்க ஓர் இடம் இருந்திருக்கும். இது ரத்தம். மருமகள் உடம்பில் அந்தப் பகை வந்துவிட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதிக்கொடுத்திருந்தார் டாக்டரம்மா. வரவில்லை என்றால் ஊசி போட்டுத் தடுத்துவிடலாம். வந்துவிட்டிருந்தால் ஊசியால் பிரயோஜனம் இல்லை, கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அதற்கு மேல் இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். ரத்தம் கொடுத்து மூன்று நாள் காத்திருந்தோம். அந்த மூன்று நாளும் மேசையில் என் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டு கட்டு பீஸ் திரும்பி வந்துவிட்டது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

ரிப்போர்ட் வாங்க அரைநாள் லீவு போட்டு நான்தான் போனேன். லேப்பில் இருந்த பெண் போனில் பேசிக்கொண்டே கவரை நீட்டினாள். வெளியே வந்து பிரித்தேன். வரிசையாகக் கட்டம், நடுவில் கறுப்பாகத் தடித்த எழுத்தில் ஒரு சொல். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து எண்ணினேன். எட்டு. அதே சொல்.

திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். ரோட்டில் போகிற யாரிடமாவது காட்டியிருக்கலாம். எனக்குப் படிக்கத் தெரியாது என்று வாய் திறந்து நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். என்னை அழித்த சொல் எனக்குத் தெரியாதா?

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாமி கோபம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லி இருபது நாள்கூட ஆகவில்லை. நானோ பஸ்ஸில் உட்கார்ந்து அதே சாமியிடம் பேரம் பேசினேன். கொடுக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. நடந்தாகிவிட்டது, தேங்காய் உடைத்தாகிவிட்டது. கடைசியில் இப்படி வேண்டிக்கொண்டேன்: என் பிள்ளைகள் மூன்றும் ஏன் போயின என்று இனி நான் கேட்க மாட்டேன். நினைக்கவும் மாட்டேன். அந்தக் கேள்வியை உனக்கே கொடுத்துவிட்டேன். இந்தப் பிள்ளையை விட்டுவிடு.

வீட்டு வாசலில் மருமகள் பேத்திக்குத் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிப்போர்ட் என்ன ஆச்சு என்றாள். நாளைக்குத்தான் தருவார்களாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். முகம் கழுவினேன், அடுப்பைப் பற்றவைத்தேன். டீயில் சர்க்கரை போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டேன்.

அவள் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அத்தை, நான் லேப்புக்குப் போன் போட்டேனுங்க. மத்தியானமே நீங்க வாங்கிட்டுப் போயிட்டீங்கன்னு சொல்றாங்க."

அவள் ஏழு மாச வயிற்றோடு எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். "எதா இருந்தாலும் எனக்குத் தெரியோணுமுங்க அத்தை. என் வகுத்துல இருக்கறதுங்க."

எடுத்துக் கொடுத்தேன். அவள் பிளஸ் டூ படித்தவள். மேலிருந்து கீழே படித்தாள், மறுபடி படித்தாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எட்டு எழுத்து, கண்ணு," என்றேன். "எனக்கும் அதுதான். எண்ணிப் பாத்தேன்."

அவள் அழுகைக்கு நடுவே என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அய்யோ அத்தை. நெகட்டிவ்னா இதுல நல்லதுங்க. பகை இல்லைன்னு அர்த்தம். ரத்தம் நெகட்டிவா இருக்கறது வேற, டெஸ்ட்டு நெகட்டிவா வர்றது வேறைங்க."

எனக்கு அது விளங்க நேரமாயிற்று. ஒரே சொல் ஒரு தாளில் சாவாகவும் இன்னொரு தாளில் உயிராகவும் எப்படி இருக்கும்? அவள் நாலைந்து தடவை சொன்னாள். பேத்தி வந்து இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தது. விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. பஸ்ஸில் நான் வேண்டிக்கொண்டதை அவளிடம் சொல்லிவிட்டேன். அந்த மூன்று பேரைப் பற்றி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "நீங்க வேண்டுனப்ப ரிசல்ட்டு அச்சடிச்சு உங்க பையிலதானுங்க இருந்துச்சு. அப்பறம் அந்த வேண்டுதல் எப்படிச் செல்லும்? நீங்க கேக்கலாமுங்க அத்தை. யாருகிட்ட வேணா கேளுங்க."

மறுநாளே ஊசி போட்டார்கள். இரண்டு மாசம் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. அன்றைக்குச் சாயங்காலமே இன்னொரு ஊசி. இந்தத் தடவை நர்ஸ் கையிலிருந்து மருந்துப் புட்டியை வாங்கிப் பார்த்து, இதுதானா அது என்று மூன்று தடவை கேட்டு, போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். நர்ஸுக்கு என் மேல் எரிச்சல்தான். இருக்கட்டும்.

மூன்றாம் நாள் காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிள்ளையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பேன், திரும்பக் கிடத்துவேன், மறுபடி தூக்குவேன். மஞ்சளாகத் தெரிகிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். இருபது கலரில் நூலிழை வித்தியாசம் சொல்கிற என் கண்ணை அன்றைக்கு என்னால் நம்ப முடியவில்லை. டாக்டரம்மா வந்து கட்டைவிரலால் பிள்ளையின் நெற்றியை அழுத்தி எடுத்தார். நெஞ்சிலும் அழுத்திப் பார்த்தார். லேசாக மஞ்சள் இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான், பால் நன்றாகக் கொடுத்தால் போய்விடும் என்றார். எதற்கும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பினார். பதினோரு மணிக்கு அந்தத் தாள் வந்தது. இந்தத் தடவை நான் அதை எண்ணவில்லை. நேராக அவரிடம் கொடுத்து, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, என்ன போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

அவர் கிளம்பும்போது வராந்தாவில் பின்னாலேயே போனேன். ஏன் போயின என்று கேட்கத்தான் போனேன். அந்தக் கேள்விக்கு அவர் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டார், ரத்தம் சேரவில்லை, அவ்வளவுதான். அவர் நின்று திரும்பிப் பார்த்ததும் என் வாயில் வேறு கேள்விதான் வந்தது.

"என்னோட அந்த மஞ்சக் கொழந்தைக்கு வலிச்சிருக்குமுங்களா?"

அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"பால் குடிச்சுதாங்கம்மா?" என்று கேட்டார். "அழுகை எப்படி இருந்துச்சு? தூங்கிக்கிட்டே இருந்துச்சா?"

முப்பது வருஷமாக எல்லோரும் நான் என்ன செய்தேன் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். பூசாரி கேட்டார், மாமியார் கேட்டார், நானே என்னைக் கேட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பெண் பிள்ளைங்க, என்று ஆரம்பித்தேன். முதல் நாள் நல்லாக் குடித்தாள். என் விரலைப் பிடித்தால் விடமாட்டாள்.