சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

ஈரச் சவுக்கு விறகின் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து தினமும் காலையில் அந்தப் புகையோடு சேர்ந்து எழுந்த இன்னொன்று, அம்மாவின் முணுமுணுப்பு. ஊதாங்குழலில் ஒரு ஊது, நாலு வார்த்தை. மறுபடி ஒரு ஊது, நாலு வார்த்தை. "இந்தாப்பா, இவ அப்பாவுக்கு இருமல் வுடவே இல்ல, இன்னான்னு பாரு. இதுக்குக் கணக்கு வரல, அதையும் பாரு." "இது" என்பது நான். அம்மா பேசியது கடவுளோடுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை ஜெபம் என்று நானும் நினைக்கவில்லை, அம்மாவும் நினைக்கவில்லை.

ஜெபம் என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும் போதகர், குரலைத் தாழ்த்தி ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றி, "கிருபாசனத்தண்டை", "மன்றாடுகிறோம்" என்றெல்லாம் சொல்லி முடிப்பதுதான் எங்களுக்கு ஜெபம். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட அம்மாவுக்கு அந்தத் தமிழ் வராது. வெள்ளிக்கிழமை மதியம் நடக்கும் பெண்கள் கூட்டத்தில் "சங்கிலி ஜெபம்" உண்டு. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடர வேண்டும். தன் முறை வந்ததும் அம்மா பக்கத்தில் இருப்பவளின் தொடையைக் கிள்ளுவாள். கிள்ளு வாங்கியவள் திடுக்கிட்டுத் தொடங்கிவிடுவாள். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி வருஷக்கணக்காக விட்டுப்போயிருந்தது.

போதகர் வரும்போதெல்லாம், தனக்கு "ஜெப வரம்" கிடைக்க ஜெபிக்கும்படி அம்மா கேட்டுக்கொள்வாள். அவரும் தவறாமல் ஜெபித்துவிட்டுப் பஸ் ஏறுவார். பிற்காலத்தில் நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்தபோது, பட்டா கேட்டு மனுமேல் மனு போட்டவர்களைப் பார்த்தேன். சிலருக்குப் பட்டா ஏற்கெனவே அவர்கள் பெயரிலேயே இருந்தது. பதிவேட்டைத் திருப்பிக் காட்டினால் சந்தோஷப்பட மாட்டார்கள், சந்தேகப்படுவார்கள். அப்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம் வரும்.

நான் ஆறாவது படித்த வருஷம், ஐப்பசி மழையில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக் காமாட்சி நனைந்துகொண்டு வந்து வாசலில் நின்றாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மண்சுவர். அதுவும் கூரைவரை எட்டாது. அவள் மகள் வள்ளிக்கு முதல் பிரசவம். மருத்துவச்சி வந்து வெகுநேரமாகியும் குழந்தை வரவில்லை. ஏரித் தண்ணீர் ரோட்டில் ஓடியதால் படப்பை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டவும் வழியில்லை. தங்கள் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"எஸ்தரு, உங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லு."

அம்மா பதறிப்போனாள். தனக்கு அந்த வரம் இல்லை என்றாள். போதகர் இரண்டாவது ஞாயிறுதான் வருவார் என்றும் சொன்னாள்.

"உங்க பாதிரியாரு வர்ற வரைக்கும் புள்ள உள்ளயே குந்திகினு இருக்குமா?"

"எனக்கு அவரு மாதிரிலாம் பேச வராதுக்கா."

"இன்னா வராது? தெனம் காத்தால அடுப்பாண்ட குந்திகினு அந்தச் சாமிய வெரட்டிகினே கீற. என் வூட்டுக்காரன் குடிய வுடணும்னு நீ கேட்டத, சுவத்துக்கு அந்தாண்ட நான் கேட்டுகினுதானே இருந்தேன். அந்த மாதிரி சொல்லு, போதும்."

அம்மா, கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல விழித்தாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு காமாட்சியின் பின்னால் போனாள், நானும் ஓடினேன். வள்ளியின் கையைப் பிடித்துக் கண்ணை மூடி, போதகரின் வார்த்தைகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அது பாதியில் நின்றுவிட்டது. "இந்தாப்பா" என்று தொடங்கினாள். "இந்தப் பொண்ணு ரொம்ப நேரமா கஷ்டப்படுது. நீ பாத்துகினு சும்மா கீறது எனக்குப் புடிக்கல." அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டாள்.

மதியத்துக்குள் குழந்தை பிறந்தது, பெண், ஊரையே கூட்டும் குரலோடு. மருத்துவச்சியின் பங்கையும் இங்கே பதிவு செய்கிறேன், அதுதான் முறை.

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கிலி அம்மாவிடம் வந்தபோது, பக்கத்தில் இருந்தவள் முன்னெச்சரிக்கையாகத் தொடையை நகர்த்திக்கொண்டாள். அம்மா கிள்ளவில்லை. "இந்தாப்பா" என்றாள். கூட்டத்தை நடத்திய டீச்சரம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். புதிதாக வரம் ஒன்றும் வந்து இறங்கிவிடவில்லை. விசுவாசித்த நாளிலேயே கொடுக்கப்பட்டுவிட்டதை, அதே விசுவாசத்தில் இல்லாத ஒருத்தி வந்து எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது, அவ்வளவே.

அந்த மண்சுவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன் நிற்கிறது. காமாட்சியும் இல்லை, அம்மாவும் இல்லை, சவுக்குப் புகையும் இல்லை. நான் படப்பையில் மனை வாங்கிக் கட்டிய வீட்டில் கேஸ் அடுப்பில் காபி போடுகிறேன். எங்கள் சபையில் இப்போது ஜெப விண்ணப்பத்துக்குச் செல்போனிலேயே படிவம் உண்டு. போன மாதம் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும், எல்லாக் கட்டத்தையும் பிழையில்லாமல் நிரப்பி அனுப்பி, ஒப்புகை எண்ணும் பெற்று, யாராவது எனக்காக ஜெபிக்கட்டும் என்று நாலு நாள் காத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலை, ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்துவந்த மாடிவீட்டு முத்துலட்சுமி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், படியேறப் போனவள் என் சமையலறை ஜன்னலோரம் நின்றாள்.

"மேடம், காபி போடும்போது தெனமும் யாருகிட்ட பேசுதீய? ஆபரேஷனுக்குப் பயமா இருக்குன்னு யாரையோ போட்டு வையுதீயளே, படியில வரும்போது எல்லாம் கேக்கு."

அவளுக்கும் ஒரு டம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தேன். அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கப் படிவத்தில் இடம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.